பனியகற்றலும் மக்கள் தீர்ப்பும்

வெப்ப நாட்டில் வாழ்வோருக்கு வெண்பனி ஓர் அழகிய காட்சி. குளிர்நாட்டு மாநகரங்களுக்கோ அது ஒரு நிருவாகப் பிரச்சினை. பஞ்சுபோல் இறங்கும் பனி வீதியிற் கிடந்து, பகலிற் சற்றே உருகி, இரவில் மீண்டும் உறையுமாயின் கண்ணாடித் தளம்போல் இறுகிவிடும். பின்னர் அதனைப் பெயர்த்தெடுப்பது எளிதன்று. ஆதலின், பனி விழும்போதே கலப்பை பூட்டிய பாரவண்டிகள் அதனை ஒதுக்கிச் செல்லவேண்டும். உறைநிலையைத் தாழ்த்தும் உப்பினையும் தூவவேண்டும். வண்டிகளோ சில, வீதிகளோ பல. எவ்வீதிக்கு முதலிடம், எவ்வீதி காத்திருப்பது என்னும் வினா இங்கேதான் எழுகின்றது. இவ்வினாவுக்கு அமெரிக்க நகர மக்கள் இருமுறை உரத்த குரலில் விடையளித்துள்ளனர்.

1969ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் நியூயோர்க் நகரிற் பெய்யத் தொடங்கிய பனி 15 அங்குலம் வரை குவிந்தது. பனியகற்றும் சாதனங்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பழுதுற்றுக் கிடந்தது. மான்ஹட்டன் வீதிகள் முதலில் திறக்கப்பட்டன. ஆற்றுக்குக் கிழக்கே நடுத்தர மக்கள் வாழும் குயீன்ஸ் பகுதியோ நாட்கணக்கிற் புதையுண்டிருந்தது. நகரில் மாண்டோர் 42 பேர். அவருட் பாதிப்பேர் குயீன்ஸ் வாசிகள். சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற ரால்ப் பஞ்ச்சும் அங்கேயே வசித்தவர். அவரும் முறையிட்டுத் தந்தி அனுப்பினார். நகரபிதா ஜோன் லின்ட்சே நேரிற் பார்வையிடச் சென்றபோது அவரது காரே பனியிற் சிக்கியது. வேறு வண்டியில் ஏறிச் சென்றவரை மக்கள் வசைமொழிகளால் வரவேற்றனர். ஜூன் மாதத்தில் அவர் தம் கட்சியின் நியமனத்தை இழந்தார். ஆயினும் அவர், பனிப்புயலின் வலிமையைத் தாம் தவறாகக் கணித்ததாகத் தொலைக்காட்சியில் மக்கள்முன் ஒப்புக்கொண்டார். வேறொரு கட்சியின் சார்பில் நின்று, அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் நகரபிதாவானார்.

பத்தாண்டுகளுக்குப் பின் சிக்காகோவில் நிகழ்ந்தது வேறு. அந்நகருக்குப் பெரும் பனி புதிதன்று. 1967 ஜனவரியில் 23 அங்குலப் பனி பெய்தபோதும், நகரபிதா ரிச்சார்ட் டேலி அவ்வாண்டு ஏப்ரல் தேர்தலிற் பெருவெற்றி பெற்றார். 1979 ஜனவரி நடுப்பகுதியிற் பெய்த பனியோ அதனினும் குறைவு; 20 அங்குலத்தைச் சற்றே தாண்டியது. முன்னரே கிடந்த பனியின்மேல் விழுந்தமையால் நகரம் முடங்கியது என்பது உண்மையே. எனினும் மக்களைச் சினமூட்டியது பனியன்று. டேலியின் பின் பதவியேற்ற மைக்கேல் பிலாண்டிக், பாடசாலைகளின் வண்டித்தரிப்பிடங்கள் துப்புரவாக்கப்பட்டுவிட்டன என்றார். செய்தியாளர் சென்று பார்த்தபோது அங்கே பனிக்குன்றுகளே இருந்தன. மேம்பாலப் புகையிரதங்களை விரைவாகச் செலுத்துவதற்கென, கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த பகுதிகளிலுள்ள நிலையங்களில் அவற்றை நிறுத்தாது விட்டனர். கடுங்குளிரில் மேடையில் நின்றவர்களின் கண்முன்னே, புறநகரோரை ஏற்றிய வண்டிகள் கடந்து சென்றன. பனி எல்லார்மீதும் ஒன்றுபோலவே பெய்தது. அதை அகற்றியோர் அவ்வாறு செய்யவில்லை.

அவ்வேளை பிலாண்டிக்கை எதிர்த்து நின்றவர், அவராலேயே பதவி நீக்கப்பட்டிருந்த ஜேன் பேர்ன் அம்மையார். டேலி வளர்த்த கட்சி இயந்திரத்தை ஒரு பெண் வெல்வாரென எதிர்பார்த்தோர் மிகச் சிலரே. கொட்டும் பனியில் நின்று அவர் பேசிய தொலைக்காட்சி விளம்பரம் மக்கள் மனத்திற் பதிந்தது. பெப்ரவரி 27ஆம் நாள் நடந்த கட்சித் தேர்தலில் 17,000க்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். புகையிரதம் நில்லாது போன பகுதிகளின் வாக்குகள் இவ்வெற்றிக்குப் பெரிதும் துணைநின்றன. ஏப்ரல் 3ஆம் நாள், 100க்கு 82 வீத வாக்குகளுடன் அவர் சிக்காகோவின் முதற் பெண் நகரபிதாவானார்.

அதன்பின் அந்நகரிற் பதவியிலிருந்த எவரும் பனியை எளிதாக எண்ணத் துணியவில்லை. 2012 ஜனவரி முதல், பனியகற்றும் வண்டி எவ்வீதியில் ஓடுகின்றது என்பதை மக்கள் வீட்டிலிருந்தே கணினியிற் பார்க்கலாயினர். 2023ஆம் ஆண்டில் அவ்வண்டிகள் சிலவற்றுக்குப் பெயர் சூட்டும் பொறுப்பும் வாக்கெடுப்பு மூலம் அவர்களிடமே விடப்பட்டது.