காஞ்சிபுரத்தில் சைக்கிளும் ரயிலும் பஸ்ஸும் – ஒரு சிறு வரலாறு



சென்னை மெட்ரோ நிலையங்களில் வாடகைச் சைக்கிள் வந்தபோது, ரயிலில் இறங்கிச் சைக்கிளில் ஏறிப் போவதைப் புது யோசனை என்று பலர் சொன்னார்கள். நம் ஊருக்கு அது புதிதல்ல. நம் அப்பா, தாத்தா காலத்துப் பிழைப்பே அப்படித்தான் நடந்தது. அதைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் ரயில். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. ஒன்பதே ஆண்டுகளில், 1865-ல், இந்தியன் டிராம்வே கம்பெனி அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குக் குறுகிய ரயில் பாதை போட்டது. 1874-ல் அது தென்னிந்திய ரயில்வேயில் சேர்ந்தது. பிறகு மீட்டர் கேஜாக மாறி, செங்கல்பட்டு வரை நீண்டது. பட்டும் நெல்லும் கோயிலுக்கு வரும் யாத்திரிகர்களும் நிறைந்த ஊர் என்பதால்தான் இவ்வளவு சீக்கிரம் நமக்கு ரயில் கிடைத்தது.

ஆனால் ரயில், நிலையம் வரைக்கும்தான் வரும். அங்கிருந்து பிள்ளையார்பாளையத்துக்கோ, ஓரிக்கைக்கோ, அய்யம்பேட்டைக்கோ போக நடை, இல்லையென்றால் மாட்டு வண்டி, ஜட்கா. இந்த இடைவெளியை நிரப்பியது சைக்கிள். சீமையிலிருந்து வந்த சைக்கிளை முதலில் வசதியானவர்கள்தான் வாங்க முடிந்தது. 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் தொழிற்சாலை வைத்து ஹெர்குலிஸ் சைக்கிள்களை இங்கேயே செய்தது. அதன் பிறகு மெல்ல மெல்ல நெசவாளர் வீட்டுத் திண்ணை ஓரத்திலும் ஒரு சைக்கிள் நின்றது. வாங்க முடியாதவர்களுக்கு மணிக் கணக்கில் வாடகைச் சைக்கிள் கடை இருந்தது.

அப்போது பஸ் நிலையம், ரயில் நிலையம் பக்கத்தில் எல்லாம் சைக்கிள் ஸ்டாண்டு உண்டு. நம்பர் போட்ட வில்லை ஒன்று ஹேண்டில்பாரில் தொங்கும். ஜோடி வில்லை நம் சட்டைப் பையில் இருக்கும். காலையில் கிராமத்திலிருந்து மிதித்து வந்து, சைக்கிளை விட்டுவிட்டு, பஸ் ஏறிச் சென்னைக்கோ செங்கல்பட்டுக்கோ போவார்கள். ராத்திரி திரும்பினால் சைக்கிள் காத்திருக்கும். வெளியூர் பஸ்ஸின் கூரையில் சைக்கிளைக் கட்டி, லக்கேஜ் கட்டணம் கொடுத்துப் போனவர்களும் உண்டு.

என் வகுப்பில் படித்தவர்களுக்கு வட்டத்தின் பரப்பளவு நினைவிருக்கும். அதை இங்கே பயன்படுத்துவோம். நிறுத்தத்துக்கு வர ஒருவரால் கால் மணி நேரம் செலவிட முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்தால் 1 கிலோமீட்டர். சைக்கிளில் 3 கிலோமீட்டர். ஆரம் மூன்று மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்கு. அதே பஸ், அதே நிறுத்தம், ஆனால் ஒன்பது மடங்கு நிலப்பரப்பில் இருக்கும் வீடுகளுக்கு அது பயன்படுகிறது. இதற்காகப் புதிதாக ஒரு பஸ்கூட விட வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் அதிக லாபம் பெண் பிள்ளைகளுக்கு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் எல்லோருக்கும் கிடைத்தது. பத்தாவதோடு நின்றுவிடும் பெண்கள் மேலே படிக்க வந்ததை ஆசிரியர்களாகிய நாங்கள் வருகைப் பதிவேட்டிலேயே பார்த்தோம்.

இதற்கிடையே காலம் மாறியது. 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது, பின்னால் மோட்டார் பைக் பெருகியது. சைக்கிள் ஸ்டாண்டு டூவீலர் ஸ்டாண்டு ஆயிற்று. 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. அதைத் தொடர்ந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகள் பெருகி, கம்பெனி பஸ்கள் நம் சாலைகளில் ஓடின. அந்த பஸ்ஸைப் பிடிக்க ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு மிதித்து வந்த பிள்ளைகள், சைக்கிளைப் புளிய மரத்திலோ டீக்கடைத் தூணிலோ பூட்டிவிட்டுப் போனார்கள்.

நெதர்லாந்தில் யூட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிறுத்தும் இடம் 2019-ல் முழுதாகத் திறக்கப்பட்டது. பணக்கார நாடு, செய்கிறார்கள் என்று விட்டுவிடலாம். நம் நிலையைப் பாருங்கள். சைக்கிள் அரசு கொடுத்தது. மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இரண்டும் கையில் இருக்க, இரண்டும் சந்திக்கும் இடம்தான் சரியாக இல்லை. பூட்டி வைத்த சைக்கிள் திருட்டுப் போனால் அது வெறும் பொருள் நஷ்டம் அல்ல. அந்தப் பெண்ணின் கல்லூரிப் படிப்பே நின்றுபோகலாம்.

உங்களில் சிலர் கவுன்சிலர்கள், ஊராட்சித் தலைவர்கள், பொறியாளர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பெரிய திட்டம் வேண்டாம். முக்கிய நிறுத்தங்களில் ஒரு கூரை, பூட்டுவதற்கு இரும்புக் கம்பி, இரவில் ஒரு விளக்கு, முடிந்தால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள் நிற்கும்.

உங்கள் ஊர் சைக்கிள் ஸ்டாண்டு எங்கே இருந்தது, அங்கிருந்து எந்த பஸ் பிடித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்