இயந்திரமும் கூலியும்: அறிவியல் புனைவுத் தொலைக்காட்சியின் உள்ளுறை

சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்ப் பெயருக்கு நாற்சந்தி என்பது பொருள். மலாக்கா மாநிலத்து அலோர் காஜா மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் நின்று அறிவியல் புனைவைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். விண்கலமும் இயந்திர மனிதனும் அயல்கோளும் தோட்டப்புறத் தமிழருக்கு என்ன உறவு எனக் கேட்போரும் உண்டு. உறவு மிக நெருங்கியது என்பதே நம் கருத்து. அதனை வரலாற்றின் வழியே காட்டுவது இவ்வுரையின் நோக்கம்.

உள்ளுறை என்னும் திறவுகோல்

ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணர்த்தும் முறை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் அதனை உள்ளுறை என்று பெயரிட்டு வகுத்துள்ளது. உடனுறை, உவமம், சுட்டு, நகை, சிறப்பு என ஐந்து வகையும் கூறுகிறது. மருதத்து வயலில் எருமை பூவை மிதித்து மேய்ந்ததாகத் தோழி கூறினால், தலைவனின் ஒழுக்கக் குறையை அவள் குறிப்பால் சுட்டுகிறாள் என்று கேட்போர் அறிந்துகொள்வர். எருமையும் உண்மை, பூவும் உண்மை; ஆனால் பாட்டின் நோக்கம் அவற்றுக்கு அப்பால் இருக்கிறது.

உள்ளுறைக்குரிய பொருளைத் தெய்வம் ஒழிந்த ஏனைக் கருப்பொருள்களிலிருந்தே கொள்ளவேண்டும் என்பதும் தொல்காப்பிய மரபு. விலங்கு, மரம், நீர், தொழில் என நிலத்தோடு ஒட்டியவையே மறைபொருளைத் தாங்கும். இந்தத் திறவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு அறிவியல் புனைவுத் தொலைக்காட்சிக்குள் நுழைவோம். அங்குள்ள கருப்பொருள்களில் நாம் இன்று ஒன்றை மட்டும் ஆராயப்போகிறோம். அது இயந்திர மனிதன், அதாவது ரோபோ.

இரு சொற்கள், ஒரே விதி

ரோபோ என்னும் சொல் அறிவியற் கூடத்தில் பிறந்ததன்று, நாடகத்தில் பிறந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட 'ஆர்.யு.ஆர்.' என்னும் நாடகமே அதன் தாய். சொல்லைத் தந்தவர் அவருடைய தமையனாரான ஓவியர் யோசெப் சாப்பெக். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் குடியானவர்கள் நிலப்பிரபுவுக்குக் கட்டாயமாகச் செய்து தீர்க்கவேண்டிய உழைப்பு. 1848-இல் ஒழிக்கப்பட்ட அந்த வெட்டிவேலையின் பெயரே, அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தின் பின் செயற்கை மனிதனுக்குப் பெயராயிற்று.

நாடகத்தில் வரும் ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல, உயிர்ப்பொருளால் ஆக்கப்பட்டவை. தோற்றத்தில் மனிதரே. உழைப்புக்குப் பயன்படாதவை என்று கருதப்பட்டதால், உணர்வுகள் அவற்றிலிருந்து நீக்கப்பட்டிருந்தன. அவ்வாறு நீக்கியதால் விலையும் மலிந்தது. இறுதியில் அவை கிளர்ந்தெழுகின்றன.

இப்போது நம் மொழிக்கு வருவோம். கூலி என்னும் தமிழ்ச்சொல்லுக்கு உழைப்புக்குத் தரும் ஊதியம் என்பது பொருள். ஆங்கிலேயர் ஆட்சியில் அது உழைப்பவனையே குறிக்கும் பெயராக உலகெங்கும் பரவியது. அச்சொல் குஜராத்தின் கோலி இனப்பெயரிலிருந்து வந்தது என்று கூறும் அறிஞரும் உளர். மூலம் எதுவாயினும், தமிழர் காதில் அது ஒலித்த பொருள் ஒன்றே: மனிதன் தன் ஊதியத்தின் பெயரால் அழைக்கப்பட்டான். செக் நாட்டில் உழைப்பின் பெயர் பொம்மைக்குப் போயிற்று. மலாயாவில் ஊதியத்தின் பெயர் மனிதனுக்கு வந்தது. இரு சொற்களுக்கும் நேர்ந்த விதி ஒன்றுதான்.

இவ்விதி மலாக்கா மண்ணில் எழுதப்பட்ட வரலாற்றை ஆசிரியர்கள் அறிவர். 1896-இல் தான் சாய் யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை அமைத்தார். அதன்பின் பெருகிய தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. வேலைக்கு இறங்கிய ஆளொன்றுக்கு இவ்வளவு எனக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்து, மரம் சீவப் போனவர்கள் கிராணியின் பேரேட்டில் எண்ணிக்கையாகப் பதிந்தனர். லயத்தில் அவர்கள் பாடிய தாலாட்டோ, ஊருக்கு எழுத நினைத்த கடிதமோ அந்தப் பேரேட்டில் ஏறவில்லை. சாப்பெக்கின் தொழிற்சாலை உணர்வை நீக்கியது என்றால், பேரேடு அதனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது.

1938-ஆம் ஆண்டு இங்கே நினைவுகூரத் தக்கது. அவ்வாண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் பிபிசி நிறுவனம் லண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தின் ஒரு பகுதியை 35 நிமிட நிகழ்ச்சியாக நேரடியாக ஒளிபரப்பியது. தொலைக்காட்சியில் வந்த முதல் அறிவியல் புனைவு இதுவே எனக் கருதப்படுகிறது. அதே ஆண்டின் நடுப்பகுதியில், தொழில் தேர்ச்சியற்ற தொழிலாளர்கள் உதவி பெற்று மலாயாவுக்குச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. கங்காணி முறை அத்தோடு ஓய்ந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று அறியா. எனினும், உழைப்பவன் மனிதனா உடைமையா என்னும் கேள்வி அவ்வாண்டு திரையிலும் கப்பல்துறையிலும் ஒருங்கே நின்றது.

மறைத்துச் சொல்ல நேர்ந்த காரணம்

மறைபொருள் ஏன் தேவைப்பட்டது? அமெரிக்க எழுத்தாளர் ராட் செர்லிங்கின் வாழ்க்கை இதற்கு விடை கூறும். 1955-இல் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான், கொன்றவர்கள் விடுதலையாயினர். அக்கொடுமையைத் தழுவி செர்லிங் எழுதிய தொலைக்காட்சி நாடகம் 1956-இல் ஒளியேறியது. ஆனால் விளம்பரதாரர் தரப்பின் அச்சத்தால் கதைக்களம் தென்மாநிலத்திலிருந்து அகற்றப்பட்டது. கொல்லப்பட்டவனின் இனமும் மாற்றப்பட்டது. உண்மையின் நிழலும் எஞ்சவில்லை.

மூன்றாண்டுகள் கழித்து, 1959 அக்டோபர் 2-ஆம் நாள், செர்லிங்கின் 'தி டுவைலைட் ஜோன்' தொடர் தொடங்கியது. அயல்கோளும் கனவும் பேயும் வரும் கதைகளைக் கண்டு விளம்பரதாரர் அஞ்சவில்லை. நேரே சொல்ல விடாதவற்றை அங்கே அவர் குறிப்பால் சொன்னார்.

அவ்வாண்டு நவம்பரில் வந்த 'தி லோன்லி' என்னும் கதையைப் பாருங்கள். ஆளற்ற சிறுகோள் ஒன்றில் தனிமைச் சிறை அனுபவிக்கும் கைதிக்குத் துணையாக, கப்பல் தலைவன் ஒரு பெண் ரோபோவைக் கொண்டுவந்து தருகிறான். முதலில் வெறுத்த கைதி, பின்னர் அவளைத் தன் உயிர்த்துணையாகக் கொள்கிறான். விடுதலை வருகிறது. ஆனால் கப்பலில் அவளுடைய எடைக்கு இடமில்லை. கைதி அவளை விட்டுவர மறுக்கிறான். கப்பல் தலைவன் அவள் முகத்தில் சுடுகிறான். உடைந்த முகத்தில் கம்பிகள் தெரிகின்றன. அவள் வெறும் பொறி என்று கைதிக்கு மெய்ப்பித்தாயிற்று. ஆயினும், அவளோடு பேசிப் பழகிய நாள்கள் பொய்யாகிவிட்டனவா என்னும் கேள்வி பார்வையாளரோடு வீட்டுக்கு வருகிறது. கப்பலில் யாருக்கு இடம், யார் சுமை என்று முடிவு செய்பவர் யார்? கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இக்கேள்வி புதிதன்று.

நம் நாட்டிற்குத் தொலைக்காட்சி வந்த காலம்

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. அதற்கு ஒரு திங்களுக்கு முன், நவம்பர் 23-இல், பிரிட்டனில் 'டாக்டர் ஹூ' தொடர் பிறந்தது. அதன் முதற்கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் இந்தியாவின் லக்னோவில் பிறந்தவர். அத்தொடரில் டாலெக் என்னும் பகைவர் டிசம்பர் 21-இல் முதன்முதலாகத் தோன்றினர். இயந்திரக் கூட்டுக்குள் அடைபட்டு, தம்மைப் போல் அல்லாத எவ்வுயிரையும் அழிக்கத் துடிக்கும் இனம் அது. எழுதிய டெரி நேஷன், போர்க்காலத்தில் வேல்சில் வளர்ந்தவர். நாஜிகளை மனத்திற்கொண்டே டாலெக்குகளைப் படைத்ததாகக் கூறியவர். ரோபோவுக்குள் மறைந்திருப்பவன் உழைப்பாளி என்றால், டாலெக்குக்குள் மறைந்திருப்பது அவனை மனிதனாக ஏற்க மறுக்கும் மனம்.

1966-இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' வேறு வழியில் சென்றது. அக்கப்பலின் மேடையில் கறுப்பினப் பெண்ணும் ஆசிய ஆடவரும் அதிகாரிகளாக அமர்ந்தனர். அந்த ஆசியரின் பெயர் சூலு. ஆசியா முழுவதையும் சுட்டும் பெயர் வேண்டுமென்று, நம் சபா மாநிலத்தின் கரையைத் தொடும் சூலு கடலின் பெயரைத் தேர்ந்தார் தொடரின் படைப்பாளர் ஜீன் ராடன்பெரி. அப்பாத்திரத்தில் நடித்த ஜார்ஜ் தக்கேய், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காகவே குடும்பத்தோடு அமெரிக்க முகாமில் அடைக்கப்பட்ட சிறுவர். அவர் கப்பலைச் செலுத்தும் காட்சியே ஓர் உள்ளுறை.

அத்தொடரின் அடுத்த தலைமுறையில், 1989 பிப்ரவரியில் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்' என்னும் கதை நம் பொருளின் உச்சம். டேட்டா என்னும் செயற்கை மனிதனைப் பிரித்துப் பார்த்து, அவனைப் போல் பலரை உருவாக்க ஓர் அறிவியலாளர் விரும்புகிறார். டேட்டா மறுக்கிறான். அவன் கடற்படையின் உடைமையா என வழக்கு நடக்கிறது. எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் முன்னாள் வழக்கறிஞர். கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பர்க் ஏற்ற பாத்திரம், பிறர் செய்ய விரும்பாத வேலைக்கெனப் படைக்கப்படும் உயிர்களைப் பற்றிப் பேசும்போது, அடிமை முறை என்னும் சொல்லைக் கப்பல் தலைவர் தாமே கண்டடைகிறார். உள்ளுறை அங்கே ஒரு கணம் வெளியில் வருகிறது. டேட்டாவுக்கு ஆன்மா உண்டா எனத் தீர்ப்பளிக்க இயலாது என்கிறார் நடுவர். ஆனால் தனக்கான வழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு என்று முடிக்கிறார்.

தமிழில் ஜீனோ

தமிழில் இவ்வழியில் முன்னின்றவர் எழுத்தாளர் சுஜாதா. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய அவர், 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' பின்னர் தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. இருபத்தோராம் நூற்றாண்டு இந்தியாவை ஜீவா என்னும் தலைவன் ஆள்கிறான். குடிமக்களுக்கு எண் உண்டு. பெயர் ஈரெழுத்துக்கு மேல் இல்லை. குழந்தை பெறவும் அரசின் இசைவு வேண்டும். நிலா என்னும் பெண்ணின் கணவன் காணாமற் போகிறான். அவள் வீட்டுக்கு வரும் ரவியோடு ஜீனோ என்னும் இயந்திர நாயும் வருகிறது. அந்நாய் நூல்களைப் படிக்கிறது, சிந்திக்கத் தொடங்குகிறது, அவளுக்கு உற்ற துணையாகிறது.

1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையைக் கண்ட தலைமுறை இக்கதையை வெறும் எதிர்காலக் கற்பனையாகப் படித்திருக்க இயலாது. நம் பொருளுக்கு இதில் மற்றொன்றும் உண்டு. மனிதர்கள் எண்ணாகச் சுருங்கிய நாட்டில், எண்ணாகச் செய்யப்பட்ட பொறி மனிதத்தன்மை பெறுகிறது. சாப்பெக் தொடங்கிய வினாவைத் தமிழ் தன் நகைச்சுவையோடு திருப்பிக் கேட்ட இடம் இது.

வகுப்பறைக்குச் சில சொற்கள்

எல்லாக் காட்சியிலும் மறைபொருள் தேடுவது முறையன்று. எருமையை எருமையாகவே விட்டுவிட வேண்டிய பாட்டும் உண்டு. ஆகவே மாணவரிடம் மூன்று வினாக்களை வைக்கலாம். கதையில் காட்டப்பட்ட எந்தப் பொருள் இக்குறிப்பைத் தாங்குகிறது? கதை எழுந்த காலத்தில் எதனை வெளிப்படையாகச் சொல்ல இயலவில்லை? அக்குறிப்பை ஏற்றால் கதையின் பிற பகுதிகளும் பொருந்துகின்றனவா? மூன்றுக்கும் விடை கிடைத்தால் அது உள்ளுறை. கிடைக்காவிடில் அது நம் விருப்பம் மட்டுமே.

நான்காவது வினா ஒன்றும் உண்டு. அதனை ஆசிரியர்கள் முதலில் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்று ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. நம் பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்டனர். தோட்டங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் உழைக்கின்றனர். அவர்களைப் பெயர் சொல்லாமல், நாட்டின் பெயரைச் சுருக்கி அதையே ஆளுக்குப் பெயராக வைத்து அழைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் கடைகளிலும் இல்லையா? கூலி என்னும் ஒரு சொல்லால் அழைக்கப்பட்டோரின் பேரர்கள் நாம்.

டேட்டாவின் வழக்கை வகுப்பில் படிக்கும் மாணவன், அன்று மாலை உணவுக்கடையில் மேசை துடைப்பவரிடம் அவர் பெயரைக் கேட்பானாயின், அந்தக் கதையின் உள்ளுறையை அவன் அறிந்துகொண்டான் என்று நாம் துணிந்து கூறலாம். தன் பாட்டியின் பேச்சைக் கேட்டு, பேரேட்டில் ஏறாத தோட்டத்து வாழ்வைத் தமிழில் ஒரு புனைவாக எழுதவும் அவன் முற்படலாம். அப்புனைவின் நாயகன் மனிதனாயினும் இயந்திரமாயினும், அவனுக்கு ஒரு பெயர் இருக்கட்டும்.