முழுப்பேரும் அரைப்பேரும்

இலங்கை மலையகத்தில் கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆட்கணக்கெடுப்புக்கு, வந்து, மலையேறி, சொன்ன நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் அன்றைக்கு ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே ஒரு கோடு விழுவதே வேலை செய்ததற்குச் சாட்சி என்பதால் இந்தச் சொல் இப்படித் திரிந்திருக்க வேண்டும். ஒருவருடைய பெயரைப் பாதியாக வெட்டலாம் என்று தமிழுக்குக் கற்றுக்கொடுத்தது மலையகத் தோட்டக் கணக்குதான். இந்தச் சொல்லுக்குள் உளவியல் கவனிக்க வேண்டிய ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு என்பதைத் தோட்டம் தினமும் தராசில் நிறுத்து அறிந்துவைத்திருந்தது. ஆனால் தொழிலாளரின் குணத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் அது ஆளைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தது. தான் உண்டாக்கிய நிலைமையின் விளைவுகளை அந்தக் கூட்டத்தின் பிறவிக்குணம் என்று எழுதியும் வைத்தது. அந்த எழுத்தை இன்றும் நாம் முழுதாக அழித்துவிடவில்லை.

குணம் யாருக்கு இருந்தது என்று பார்ப்போம். கண்டியிலிருந்து பேராதனை, கலஹா, தெல்தோட்டை வழியாக ஏறினால் லூல்கந்துர தோட்டம் வரும். 1867இல் அங்கே ஏழாம் இலக்க மலையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரைப் பற்றி நமக்கு எவ்வளவோ தெரியும். ஸ்கொட்லாந்தில் பிறந்து, பதினாறு வயதில் கப்பலேறி, 1852இல் இலங்கை வந்தவர். கூச்ச சுபாவி, பிடிவாதக்காரர், தாடிக்காரர். இத்தனை ஆண்டில் அவர் எடுத்த ஒரே விடுமுறை 1874இல் டார்ஜிலிங் போனது. அதுவும் தேயிலை பார்க்கத்தான். தகப்பனாருக்கு அவர் எழுதிய கடிதங்கள் ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. கடைசிக் காலத்தில் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னபோது மறுத்தார், 1892 மே மாதம் அங்கேயே வயிற்றுளைச்சலில் இறந்தார். உடம்பின் எடை 246 இறாத்தல் என்பதைக்கூடக் குறித்து வைத்திருக்கிறார்கள். பெட்டியைக் கண்டி மஹியாவை மயானம் வரை 24 ஆட்கள், பன்னிரண்டு பன்னிரண்டு பேராக மாறி மாறிச் சுமந்தார்கள் என்று அவர் கதையைச் சொல்பவர்கள் எழுதுகிறார்கள். சுமந்தவர்கள் இந்தக் கதைக்குள் வருவது எண்ணிக்கையாக மட்டுமே. டெய்லருக்கு அவர் செய்த செயல்களிலிருந்து ஒரு சுபாவம் வடித்தெடுக்கப்பட்டது. தூக்கியவர்களுக்கு அவர்களுடைய இனத்திலிருந்து ஒரு சுபாவம் இறக்கிக் கொடுக்கப்பட்டது. இதற்காக டெய்லர்மேல் குறை சொல்ல வேண்டியதில்லை. அவர் காலத்துப் பேனா அப்படித்தான் ஓடியது.

கோப்பிக் காலத்திலேயே இந்தப் பழக்கம் தொடங்கிவிட்டது. 1866இல் வந்த வில்லியம் சபோனடியரின் கோப்பித் தோட்டக் கைநூல் தொடங்கி, தோட்டத் துரைமார் துரைமாருக்காக எழுதிய நூல்களில் உரம், வடிகால், கவ்வாத்து ஆகியவற்றோடு 'தமிழ்க் கூலி'யும் ஒரு பொருளாக இடம்பெற்றான். சாது, சொன்னதைக் கேட்பவன், குழந்தை மாதிரி, நாளையைப் பற்றி யோசிக்காதவன் என்று இலக்கணம் வகுக்கப்பட்டது. பக்கத்துக் கண்டிச் சிங்களக் கிராமத்தானுக்கு வேறு இலக்கணம்: அவன் சோம்பேறி. புதிதாக வரும் சின்னத்துரைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த கையேடு ஒன்றின் பெயரே 'இங்கே வா'. ஏவல் வினையில் தொடங்கும் மொழிப்பாடத்தில் எதிரே நிற்பவரின் மனசைப் பற்றிக் கேட்க வாக்கியம் கிடைப்பது கஷ்டம்தான். இதே காலத்தில் இலண்டனில் பிரான்சிஸ் கால்டன் மனிதர்களுக்கிடையிலான வேறுபாட்டை அளக்கும் கலையைத் தொடங்கி வைத்துக்கொண்டிருந்தார். லூல்கந்துரவில் தேயிலை வேர்பிடித்த இரண்டாம் ஆண்டில், 1869இல், பரம்பரை மேதைமை பற்றிய அவருடைய நூல் வந்தது. தனித்தனி ஆட்களின் திறமையில் தொடங்கும் அந்த நூல், இனங்களைத் தரவரிசைப்படுத்தும் ஓர் அத்தியாயத்துக்கும் போய்ச் சேர்ந்தது. 1884இல் குணத்தை அளப்பது பற்றி எழுதியபோது அகராதியைப் புரட்டிக் குணச்சொற்களை எண்ணிப் பார்த்தார். தோட்டங்களுக்கு ஆள் வந்த தமிழ் மாவட்டங்களிலோ, சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாகத் தலையையும் மூக்கையும் அளந்துகொண்டிருந்தார். 1909இல் அது ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் படிக்கப் பிறந்த ஒரு துறை, காலனிக்கு வந்து சேர்ந்ததும் கூட்டத்துக்குக் கூட்டம் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் துறையாகிவிட்டது.

இத்தனைக்கும் தோட்டத்துக் கணக்குப் புத்தகம் எழுதியது வேறு கதை. ஒரே மலையில், ஒரே மழையில், பக்கத்துப் பக்கத்து நிரையில் நிற்கும் இரண்டு பெண்களின் கூடை ஒரே நிறை காட்டாது என்று கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். அந்த வேறுபாட்டைக் காசாக்கத்தான் தராசே இருந்தது. ஆனால் தராசு பார்த்த வேறுபாடு நிறையோடு நின்றது. ஒருத்தியின் பொறுமையோ, வேகமோ, வைராக்கியமோ எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' சிறுகதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் வழக்கத்துக்கு மேல் பறித்துவிட்டாள் என்பதே அங்கே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடுகிறது. அவளுடைய கைத்திறன் அப்படி என்ற எளிய விளக்கம் கடைசியாகத்தான் வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துக்கு வருகிற ஆளின் கழுத்தில் ஒரு தகரவில்லை தொங்கியது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று அதில் பொறித்திருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக 'துண்டு' வேண்டும். இந்தக் காலத்தில் வேலை மாறுகிறவர் கையில் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறோம். துண்டு சொன்னது நடத்தையை அல்ல, கடனை. இவ்வளவு பணம் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறோம் என்பதுதான் அதன் சாரம். ஒரு மனிதரைப் பற்றிப் புதுத் துரைக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான் என்று தோட்டம் நினைத்தது.

இனி 'சாது' என்ற பட்டத்துக்கு வருவோம். சொல்லாமல் வேலையை விட்டுப் போவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். ஊரிலிருந்து கிளம்பும்போதே முன்பணமாகக் கடன். அந்தக் கடனைக் கையில் வைத்திருப்பவர் ஆட்களைத் திரட்டி வந்த பெரிய கங்காணி. பலருக்கு அவர் உறவுக்காரரும்கூட. வேலைக்கு நிறுத்தும் ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு. குடியிருக்கும் லயத்துக் காம்பிரா தோட்டத்துடையது, அரிசி தோட்டத்துடையது, திரும்பிப் போகிற பாதையில் துண்டு. இந்த நான்கு சுவருக்குள் நிற்கிறவர் எதிர்த்துப் பேசவில்லை என்றால், அதை விளக்கப் பிறவிக்குணம் என்ற கருதுகோள் தேவையே இல்லை. அமெரிக்க உளவியலாளர் வோல்டர் மிஷெல் 1968இல் எழுப்பிய விவாதம் இந்த இடத்தில்தான் உதவுகிறது. ஒருவர் ஓரிடத்தில் நடந்துகொள்வதை வைத்து இன்னோரிடத்தில் எப்படி நடப்பார் என்று ஊகிக்கக் குணப்பெயர்கள் நாம் நினைக்கிற அளவுக்கு உதவுவதில்லை. இடமும் நிலைமையும் பெரும்பங்கு வகிக்கின்றன என்றார் அவர். லீ ராஸ் 1977இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: பிறர் செய்வதைப் பார்க்கும்போது சூழ்நிலையைக் குறைத்து மதிப்பிட்டுக் குணத்தை மிகைப்படுத்துவது மனிதரின் அடிப்படைப் பிழை. துரைமார் வைத்திருந்த தொழிலாளர் உளவியல் இந்தப் பிழைக்கு ஒரு நூற்றாண்டு நீளப் பாடநூல்.

வெறும் கோட்பாடாக இதைச் சொல்லவில்லை. வரலாறே ஒரு சோதனையை நடத்திக் காட்டியிருக்கிறது. 1921இல் துண்டு முறையும், வேலையை விட்டுப் போனால் சிறை என்ற விதியும் ஒழிக்கப்பட்டன. 1927இல் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை. அதே ஆண்டு கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் தொடங்கினார். ஆட்கள் அதே ஆட்கள், அவர்களுடைய பிள்ளைகள்; ஊர், சாதி, சாமி எதுவும் மாறவில்லை. ஆனால் பத்தாண்டு கழிவதற்குள் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. கலஹாவுக்கு அப்பால் ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரி 10ஆம் தேதி, கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். இந்த வேலைநிறுத்தங்களுக்குத் துரைமார் என்ன விளக்கம் சொன்னார்கள் தெரியுமா? வெளியார் தூண்டிவிட்டார்கள் என்றார்கள். சாதுவாக இருந்தபோது அது அவர்களுடைய குணம்; கிளர்ந்தெழுந்தபோது அது வேறு யாரோ செய்தது. எந்த ஆதாரம் வந்தாலும் தோற்காத கோட்பாட்டுக்கு அறிவியலில் மதிப்பில்லை. தலைகீழ்ச் சோதனையும் நடந்தது. 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த வாக்குரிமை இழப்பும் வந்தபின், 1952 தேர்தலில் ஒருவர்கூட இல்லை. 'ஒதுங்கிப்போகிற சனம்' என்ற பேச்சுக்கு இதற்குப் பிறகு உயிர் வந்ததென்றால், சட்டத்தைப் பார்க்காமல் சனத்தைப் பார்த்தவர்களுக்கு வந்திருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கண்டிக் கிராமத்தவர் தோட்ட வேலைக்குத் திரளாகப் போகவில்லை என்பது உண்மைதானே, குணத்தில் ஏதோ வேறுபாடு இருந்திருக்க வேண்டாமா? போகவில்லை என்பது உண்மை. ஆனால் கோப்பிக்காகக் காடு வெட்டும் ஒப்பந்த வேலையை எடுத்தவர்களில் அவர்களும் உண்டு. சொந்த வயலும் சேனையும் இருந்தன. தன் நேரத்துக்குத் தானே சொந்தக்காரனாக இருக்கிற வேலையை எடுத்தார்கள், பிரட்டுக்களத்தில் நின்று தகரவில்லையோடு செய்கிற வேலையை விட்டுவிட்டார்கள். சையத் ஹுசைன் அலத்தாஸ் மலாயா, ஜாவா, பிலிப்பைன்ஸ் மூன்றையும் ஆராய்ந்து 'சோம்பேறிச் சுதேசி' என்ற புராணத்தைப் பிரித்துக் காட்டினார். அதுவும் 1977தான், ராஸ் எழுதிய அதே ஆண்டு. தனக்கு மலிவாக உழைக்க மறுப்பவனுக்கு முதலாளி வைத்த பெயர் அது என்று அவர் காட்டியது கலஹாவுக்கும் பொருந்தும். ஒரு மலையில் ஒரு கூட்டத்தைச் சோம்பேறி என்றும் இன்னொரு கூட்டத்தைச் சாது என்றும் சொன்ன வாய் ஒன்றுதான். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் அந்தச் சொற்கள் விட்டுச்சென்ற கசப்பு தேயிலையைவிட நீண்ட காலம் நின்றது என்பது என் கணிப்பு.

இன்னொரு மறுப்பு வலுவானது. குணவேறுபாடு வெறும் சூழ்நிலை மாயை இல்லை. மிஷெலுக்குப் பின் வந்த ஆராய்ச்சிகள் அதை உறுதிப்படுத்தியிருக்கின்றன. பல சந்தர்ப்பங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவரின் போக்கு ஓரளவு நிலைத்திருக்கிறது. இரட்டையரை ஒப்பிட்ட ஆய்வுகள் பரம்பரைக்கும் கணிசமான பங்கு இருப்பதைக் காட்டுகின்றன. இதை மறுக்க வேண்டியதில்லை. இது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்த்தால் போதும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தேயிலைச் செடியைக் கொண்டே இதை விளக்கலாம். விதையில் வந்த பழைய தேயிலை மலையில் செடிக்குச் செடி வேறுபடும். மண் ஒன்றாக இருக்கும்வரை அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி விதையினுடையது. வி.பி. தேயிலை ஒரே தாய்ச் செடியின் கிளையை வெட்டி நட்டது. செடிகளுக்குள் விதைவேறுபாடு கிடையாது. அதையே கல்லுமலையில் ஒரு பாதியும் ஈரமண்ணில் ஒரு பாதியும் நட்டுப்பாருங்கள், இரண்டு வேறு சாதிச் செடி என்று சொல்லத் தோன்றும். ஒரு மலைக்குள்ளே செடிகள் ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்விக்கான பதிலை, இரண்டு மலைகள் ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்விக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1970களில் விதையையும் மண்ணையும் வைத்துச் சொன்ன வாதம் இதுவே. குணத்தில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதால், லயத்தில் பிறந்தவர்களுக்கெல்லாம் ஒரு குணம் உண்டு என்று ஆகிவிடாது. சொல்லப்போனால் எதிர்மாறாகவே ஆகும். குணம் ஆளுக்கு ஆள் அந்தளவுக்கு வேறுபடுகிறது என்றால், லூல்கந்துரவின் ஒரே லயத்துக்குள்ளும் கூச்சக்காரரும் பிடிவாதக்காரரும் ஊர்சுற்றியும் கணக்கில் புலியும் இருந்தே தீரவேண்டும். டெய்லருக்கு மட்டும் அவ்வளவு சுபாவம் இருந்து, பன்னிரண்டு பன்னிரண்டாகத் தூக்கியவர்களுக்கு ஒரே சுபாவம் இருந்திருக்க முடியாது.

பழைய இலக்கணம் துரைமாரோடு கப்பலேறிப் போய்விடவில்லை. எழுபதுகளில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது; 'தோட்டத்து ஆட்கள் விசுவாசமானவர்கள்' என்ற சொல் மட்டும் கைமாறாமல் நிற்கிறது. கொழும்பில் கடைக்கும் வீட்டு வேலைக்கும் மலையகப் பிள்ளைகளைத் தேடுகிறவர்கள் அதைப் பாராட்டாகவே சொல்கிறார்கள். நம்மவர்களும் 'எங்க சனம் சூதுவாது தெரியாத சனம்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அது துரை எழுதிய வாக்கியத்தின் தமிழ்ப்பதிப்பு என்பதை நினைப்பதில்லை. பாராட்டாக வந்தாலும் அது ஆளைப் பார்க்காத பேச்சுதான். சூது தெரிந்தவர், வாதாடத் தெரிந்தவர், வேலையைத் தூக்கி எறியத் தெரிந்தவர் எல்லோரையும் அது தன் சனத்திலிருந்தே தள்ளிவைக்கிறது. தராசும் மாறவில்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தபின் பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய நிறையை உயர்த்தினார்கள். எட்டாதவருக்கு அன்றைக்கு அரைப்பேர்.