போலீஸ் சுட்டால் யார் பதில் சொல்ல வேண்டும்? ஹைதராபாத் முதல் தூத்துக்குடி வரை, சட்டம் சொல்வதும் நடப்பதும்

2019 டிசம்பர் 6. காலையில் எழுந்து மொபைலைப் பார்த்தவர்களுக்கு ஹைதராபாத்தில் இருந்து ஒரு செய்தி காத்திருந்தது. பெண் கால்நடை மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் கைதான நான்கு பேரையும் போலீஸார் சுட்டுக் கொன்றிருந்தனர். சம்பவ இடத்தில் மக்கள் போலீஸார் மீது பூ தூவினார்கள். ஒருவேளை நீங்களும் அன்று 'செம!' என்று ஸ்டேட்டஸ் வைத்திருக்கலாம்.

அதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன், 2018 மே 22. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100-வது நாள். ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணி சென்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மொத்தம் 13 பேர் உயிரிழந்தனர். அன்று சமூக வலைதளங்கள் கோபத்தில் கொதித்தன.

ஒரு இடத்தில் கொலை வழக்கில் கைதானவர்கள், இன்னொரு இடத்தில் போராட வந்த பொதுமக்கள். ஆனால், சுட்ட பிறகு 'இது சரியா, தப்பா' என்று விசாரிக்க வேண்டிய பாதை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தப் பாதை எங்கே எங்கே அடைபடுகிறது என்று பார்ப்போம்.

போலீஸுக்குச் சுட அதிகாரம் இருக்கிறதா?

'என்கவுன்டர்' என்ற வார்த்தை எந்தச் சட்டத்திலும் தனி அதிகாரமாக இல்லை. உங்களுக்கும் எனக்கும் இருக்கும் தற்காப்பு உரிமைதான் போலீஸுக்கும். உயிருக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்குபவரின் உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 38-வது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 100-வது பிரிவாக இருந்தது.

கைது செய்யும்போது ஒருவர் முரண்டு பிடித்தால் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் பறிக்கும் உரிமையை அந்தப் பிரிவு தரவில்லை.

கூட்டத்தைக் கலைப்பதற்கு வேறு விதிகள். முதலில் கலைந்து போகச் சொல்ல வேண்டும். போகாவிட்டால்தான் பலப்பிரயோகம். அதுவும் கலைப்பதற்குத் தேவையான அளவுக்கு மட்டும். தூத்துக்குடியில் தப்பி ஓடியவர்கள் மீதும் சுடப்பட்டது என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் சொன்னது ஏன் முக்கியம் என்பது இங்கே புரியும். ஓடுகிறவர் ஏற்கெனவே கலைந்து கொண்டிருக்கிறார். அவரை எதற்குச் சுட வேண்டும்?

சுட்ட பிறகு என்ன நடக்க வேண்டும்?

பி.யு.சி.எல். தொடர்ந்த வழக்கில் 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் என்கவுன்டர் மரணங்களுக்கு 16 நெறிமுறைகளை வகுத்தது. அவற்றில் முக்கியமானவை:

• எஃப்.ஐ.ஆர். பதிவு செய்து நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும்.
• விசாரணையை சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையத்தைச் சேர்ந்த குழு, மூத்த அதிகாரியின் மேற்பார்வையில் நடத்த வேண்டும்.
• நடுவர் விசாரணை கட்டாயம்.
• சுட்டவர்கள் தங்கள் ஆயுதங்களைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும்.
• இறந்தவரின் குடும்பத்துக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும்.
• வீரம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகும்வரை சம்பந்தப்பட்டவர்களுக்கு வீரதீர விருதோ, முறை தாண்டிய பதவி உயர்வோ தரக் கூடாது.

நெறிமுறைகள் பின்பற்றப்படவில்லை என்றால் குடும்பத்தினர் செஷன்ஸ் நீதிபதியிடம் புகார் செய்யலாம். பேப்பரில் எல்லாமே பக்காவாக இருக்கிறது. அப்புறம் சிக்கல் எங்கே?

முதல் அடைப்பு: எஃப்.ஐ.ஆர். யார் மீது?

பல வழக்குகளில் எஃப்.ஐ.ஆர். பதிவாகும். ஆனால் அதில் 'போலீஸைக் கொல்ல முயன்றவர்' என்று குற்றம் சாட்டப்படுபவர் இறந்துபோனவர்தான். சுட்டவர் அதில் புகார்தாரர் அல்லது சாட்சி. 'அவர் எங்களைத் தாக்கினார், தற்காப்புக்குச் சுட்டோம்' என்பதே முதல் ஆவணமாக ஆகிவிடுகிறது. மறுத்துப் பேச வேண்டியவர் உயிரோடு இல்லை.

இரண்டாவது அடைப்பு: விசாரிப்பது யார்?

வேறு நிலையம், வேறு பிரிவு என்றாலும் துறை ஒன்றுதானே? தடயங்களைச் சேகரிப்பது முதல் சாட்சிகளிடம் வாக்குமூலம் வாங்குவது வரை சக போலீஸார்தான். இதனால்தான் குடும்பங்கள் சி.பி.ஐ. விசாரணை கேட்டு உயர் நீதிமன்றம் போகிறார்கள். தூத்துக்குடி வழக்கையும் 2018-லேயே உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியது.

மூன்றாவது அடைப்பு: அரசின் அனுமதி

பணியின்போது செய்த செயலுக்காக, அரசால் மட்டுமே பதவி நீக்கக்கூடிய அதிகாரிகள் மீது நீதிமன்றம் நடவடிக்கை எடுக்க வேண்டுமானால் அரசின் முன் அனுமதி தேவை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197-வது பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 218-வது பிரிவு. கூட்டத்தைக் கலைக்கச் சுட்ட வழக்குகளுக்கு 151-வது பிரிவின்கீழ் தனிப் பாதுகாப்பு உண்டு.

நேர்மையான அதிகாரிகளைப் பொய் வழக்குகளில் இருந்து காப்பதே இதன் நோக்கம். அது தேவையும்கூட. ஆனால், சுட உத்தரவிட்ட நிர்வாகத்துக்குப் பொறுப்பான அரசே, வழக்கு நடத்தலாமா வேண்டாமா என்றும் முடிவு செய்தால்? 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டம் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்துள்ளது. 218-வது பிரிவின்கீழ் அனுமதி கேட்டு 120 நாட்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால், அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும்.

நான்காவது அடைப்பு: ஆணையங்கள்

'விசாரணை ஆணையம் அமைச்சாச்சு' என்றதும் பாதிக் கோபம் அடங்கிவிடும். ஆனால் 1952-ம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டப்படி, ஆணையத்தின் முடிவுகள் அரசைக் கட்டுப்படுத்தாது. அவை பரிந்துரைகள் மட்டுமே. ஆணையத்தில் ஒருவர் சொன்னதை, பொய்ச் சாட்சி வழக்கு தவிர, அவருக்கு எதிரான ஆதாரமாக நீதிமன்றத்தில் பயன்படுத்தவும் முடியாது.

அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு ஆண்டுகள் விசாரித்து, 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. ஹைதராபாத் சம்பவத்தை விசாரிக்க உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், நான்கு பேரும் கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டதாகவும், 10 போலீஸார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் சொன்னது. கொல்லப்பட்டவர்களில் மூன்று பேர் அப்போது 18 வயது நிரம்பாதவர்கள் என்பதும் அந்த ஆணையத்தின் முடிவு. 2022 மே மாதம் இந்த அறிக்கை வெளியானபோது, பூ தூவிய எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

போலீஸார் தண்டிக்கப்பட்டதே இல்லையா?

உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ஹாஷிம்புராவில் 1987-ல் சுமார் 40 முஸ்லிம்களை ஆயுதப்படைக் காவலர்கள் லாரியில் ஏற்றிச் சென்று சுட்டுக் கொன்றனர். 2015-ல் விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 16 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இடையில் ஓடியது 31 ஆண்டுகள்.

மும்பையில் 2006-ல் நடந்த போலி என்கவுன்டர் வழக்கில், 'என்கவுன்டர் ஸ்பெஷலிஸ்ட்' என்று கொண்டாடப்பட்ட முன்னாள் அதிகாரி பிரதீப் சர்மாவை 2013-ல் கீழமை நீதிமன்றம் விடுவித்தது. 2024 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். இவ்வளவு தூரம் வழக்கு வந்ததற்குக் காரணம், இறந்தவரின் சகோதரர் ஒரு வழக்கறிஞர். அவர் விடவே இல்லை. வக்கீல் இல்லாத வீடுகளின் நிலை என்ன?

புகார் செய்ய வேறு வழி?

தேசிய மனித உரிமைகள் ஆணையத்தில் புகார் செய்யலாம். ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் செய்துவிட வேண்டும். அந்த ஆணையமும் பரிந்துரைக்கத்தான் முடியும். தூத்துக்குடி சம்பவத்தில் தானாக முன்வந்து எடுத்த வழக்கை, அதே 2018 அக்டோபரில் அது முடித்துவைத்துவிட்டது.

பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், மாநிலந்தோறும் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் காவல்துறைப் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013-ல் இயற்றிய சட்டத்தில் அதன் தலைவர் யார் தெரியுமா? உள்துறைச் செயலாளர். காவல்துறையைக் கவனிக்கும் அதே துறையின் செயலாளர்.

'குற்றவாளியைத்தானே சுட்டாங்க, என்ன தப்பு?'

இந்தக் கேள்வியில் இருக்கும் ஆத்திரம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். வழக்குகள் வருடக்கணக்கில் இழுக்கின்றன. 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு' மீம்களுக்கு நாம் சிரிப்பதும் அந்த வெறுப்பில்தான். ஆனால் அவர் குற்றவாளி என்று உங்களுக்குச் சொன்னது யார்? சுட்ட அதே போலீஸ்தான். உண்மையான குற்றவாளி வெளியே இருந்தால், இறந்தவர் மீது பழியைப் போட்டு வழக்கை முடித்துவிட்டால், பாதிக்கப்பட்ட பெண்ணின் குடும்பத்துக்கும் அது அநீதிதானே?

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தால், ஃபார்வர்டு செய்யும் முன் நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். எஃப்.ஐ.ஆர். யார் மீது? விசாரிப்பது யார்? துப்பாக்கிகள் சோதனைக்குப் போயினவா? வழக்கு நடத்த அரசு அனுமதி கொடுத்ததா? தூத்துக்குடிக்காக இந்தக் கேள்விகளைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்றால், ஹைதராபாத்துக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.