"இலாபம் முழுவதும் தர்மத்துக்கு" என்று பலகை மாட்டும் முன்...

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் அன்னலெட்சுமி சைவ உணவகத்தை அறியாத கோலாலம்பூர் தமிழர் குறைவு. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981-இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' கலை அமைப்பின் ஓர் அங்கம் அது. வயிறார உண்ணுங்கள், மனம்போல் கொடுங்கள் என்ற கொள்கையால் பெயர் பெற்ற இந்த உணவகம் சிங்கப்பூர், பெர்த், சென்னை, கோயம்புத்தூர் எனப் பல ஊர்களிலும் இருக்கிறது. வரும் வருமானம் பரதநாட்டியம், இசை வகுப்புகள் போன்ற கலைப் பணிக்கும் சேவைக்கும் போகிறது.

"நாமும் இப்படி ஒன்று தொடங்கினால் என்ன?" என்று நம் இளைஞர்களும் மகளிர் குழுக்களும் கேட்பது இயல்பு. கிள்ளானில் பலகாரக் கடை, பூச்சோங்கில் தையல் மையம், செந்தூலில் கேட்டரிங் என்று யோசனைகளுக்குக் குறைவில்லை. தீபாவளிக் காலத்தில் "இலாபம் முழுவதும் ஆதரவற்றோர் இல்லத்துக்கே" என்ற பதாகையோடு விற்பனை முகாம்களும் முளைக்கின்றன. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் சட்டம், வரி, கணக்கு, நம்பிக்கை நான்கும் ஒளிந்திருக்கின்றன.

அன்னலெட்சுமியைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், அதன் பின்னால் இருப்பதையும் பார்க்க வேண்டும். பரிமாறவும் உதவவும் சம்பளம் வாங்காத தொண்டர்கள் அங்கே உண்டு. தாங்கிப் பிடிக்க ஒரு தாய் அமைப்பும், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்த நற்பெயரும் உண்டு. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் வாடகைக்குக் கடை எடுத்து, இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைப்பவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவருக்கு வேறு கணக்கு வேண்டும்.

மூன்று வழிகள்

சமூகத் தொழில் என்றாலே இலாபத்தை நன்கொடையாகக் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு வழி மட்டுமே. பிரிக்பீல்ட்ஸிலேயே இன்னொரு வழியையும் பார்க்கலாம். 1951-இல் அமைக்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இயங்குகிறது. ஜாலான் தம்பிப்பிள்ளை பகுதியில் பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் பல காலமாக உள்ளன. அங்கே வேலைதான் சேவை. வாடிக்கையாளர் கொடுக்கும் கட்டணம் ஒருவரின் பிழைப்பாக நேரடியாக மாறுகிறது. 2016-இல் கோலாலம்பூரில் தொடங்கிய 'பிச்சா ஈட்ஸ்' நிறுவனமும் இதே வகை. அகதிக் குடும்பங்கள் சமைக்கும் உணவை விற்று அவர்களுக்கு வருமானம் தருகிறது. பெயர் தமிழ்க் காதுக்கு வேறு மாதிரி ஒலிக்கலாம். நடப்பதோ அதற்கு நேர்மாறு, உழைப்புக்கு ஊதியம்.

மூன்றாவது வழிக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்ல வேண்டும். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. பணம் கட்டும் நோயாளிகளிடமிருந்து வரும் வருமானம், கட்ட இயலாதவர்களின் சிகிச்சைக்கு உதவுகிறது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் விலை அதிகமாக இருந்ததால், 1992-இல் ஆரோலேப் என்ற சொந்த உற்பத்தி நிலையத்தையும் அமைத்தார்கள். அங்கே தர்மம் ஆண்டு முடிவில் எழுதும் காசோலை அல்ல, அன்றாடத் தொழிலுக்குள்ளேயே நடக்கிறது.

கூட்டுறவுச் சங்கத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தோட்டத் துண்டாடலின்போது தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டு, துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் அமைத்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் நம் சமூகத்தின் பெரிய சாதனை. ஆனால் அதன் இலாபத்துக்கு உரிமையாளர்கள் உறுப்பினர்களே.

இலாபம் என்பது எது?

நடைமுறைக்கு வருவோம். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. கிள்ளானில் முறுக்கு, அதிரசம் செய்து விற்கும் சிறு சமையற்கூடம் ஒன்று மாதம் 20,000 வெள்ளிக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாவு, எண்ணெய், எரிவாயு, பொட்டலம் 9,000 வெள்ளி. வாடகை, மின்சாரம், தண்ணீர் 2,500. தனித்து வாழும் தாய்மார் மூவர் வேலை செய்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வீதம் 5,100. முதலாளி தரப்பு இபிஎஃப் 13 விழுக்காடு, சொக்சோ, வேலைக் காப்புறுதி எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 5,860. போக்குவரத்து, உரிமம், கணக்காளர் கட்டணம் 1,000. மிச்சம் மாதம் 1,640, ஆண்டுக்கு 19,680 வெள்ளி.

இதில் ஒருவருக்கு மட்டும் சம்பளம் எழுதப்படவில்லை: காலை ஐந்து மணிக்குக் கடை திறக்கும் நிறுவனருக்கு. அவருக்கு 2,500 வெள்ளி எழுதினால் இலாபம் மறைந்து நட்டம் வருகிறது. ஆகவே, இங்கே "இலாபம்" என்பது நிறுவனரின் கூலியில்லா உழைப்புதான். கணவரின் சம்பளத்திலோ சேமிப்பிலோ சில காலம் ஓட்டலாம். நோய் வந்தால், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் வந்தால் கடை மூடப்படும். அதோடு மூன்று தாய்மாரின் வேலையும், இல்லத்துப் பிள்ளைகளுக்குப் போன பணமும் நின்றுபோகும். தர்ம காரியம் செய்கிறோம் என்பதால் தொழிலாளியின் இபிஎஃப்பைத் தள்ளிப் போடுவதோ அதைவிட மோசம். அது சட்ட மீறலும்கூட. நிறுவனருக்கு நியாயமான ஒரு சம்பளத்தை முதலிலேயே எழுதி, அதற்கேற்ப விலையை வைப்பதே என் கருத்தில் சரி. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

அடுத்தது வரி. பலர் சறுக்கும் இடம் இது. முழு இலாபத்தையும் நன்கொடையாகக் கொடுத்துவிட்டால் வரி கிடையாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சாதாரணச் செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்துக்கு அது பொருந்தாது. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத் தரும் பண நன்கொடைக்கே கழிவு உண்டு. அதுவும் நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான்.

மேலே சொன்ன 19,680 வெள்ளியையே எடுத்துக்கொள்வோம். வரிக்குரிய வருமானமும் அதுவே என்று கொண்டால், 1,968 வெள்ளிக்கு மட்டுமே கழிவு. மீதி 17,712 வெள்ளிக்கு, தகுதி பெற்ற சிறு நிறுவனங்களுக்கான 15 விழுக்காட்டு விகிதத்தில் ஏறக்குறைய 2,657 வெள்ளி வரி கட்ட வேண்டும். முழுத் தொகையையும் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டால் அந்த 2,657 வெள்ளி கைக்காசு. பணம் பெறும் இல்லத்துக்கு 44(6) அங்கீகாரம் இல்லையென்றால் அந்தக் கழிவும் போய், வரி 2,952 வெள்ளியாகும். நம் வட்டாரத்தில் நல்ல சேவை செய்யும் சிறிய இல்லங்கள் பல இந்த அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்காமலேயே இருக்கின்றன. கொடுக்கும் முன் கேட்டுப் பாருங்கள்.

எந்தப் பெயரில் பதிவது?

சமூகத் தொழிலுக்கென்று மலேசியாவில் தனிச் சட்ட வடிவம் கிடையாது. தனிநபர் வணிகமாகப் பதிந்தால் செலவு குறைவு. ஆனால் இலாபமும் கடனும் உங்கள் சொந்தக் கணக்கில்தான் சேரும். செண்டிரியான் பெர்ஹாட் ஆனால் கடன் பொறுப்பு வரையறைக்குள் இருக்கும். பங்குதாரர்கள் மனம் மாறி இலாப ஈவு எடுத்துக்கொள்ள முடியாதபடி நிறுவன அமைப்பு விதியிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். பங்குமூலதனம் இல்லாமல், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக அமைப்பது இன்னும் உறுதியான வழி. 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 45-ஆவது பிரிவின்படி, இந்த வகை நிறுவனம் தன் வருமானத்தைத் தன் நோக்கத்துக்கே செலவிட வேண்டும். உறுப்பினர்களுக்கு இலாப ஈவு தரக் கூடாது. ஆனால் நிர்வாகச் செலவும் கட்டுப்பாடுகளும் கூடும். மாதம் 20,000 வெள்ளி வியாபாரத்துக்கு இது பாரம்.

அரசாங்கம் 2019-இல் சமூகத் தொழில் நிறுவனங்களுக்கான அங்கீகாரத் திட்டத்தைத் தொடங்கியது. தெளிவான சமூக அல்லது சுற்றுச்சூழல் நோக்கம் வேண்டும், வளங்களில் பெரும்பங்கு அதற்குச் செலவிடப்பட வேண்டும், சொந்த வருமானத்தில் நிற்கும் வலிமை வேண்டும் என்பவை அதன் அடிப்படை. மித்ரா மானியமோ வேறு மானியமோ கிடைக்கும் வரை மட்டும் ஓடும் திட்டம் இந்த மூன்றாவது நிபந்தனையில் தடுமாறும். அங்கீகாரம் பெற்றவர்களுக்கு மூன்று மதிப்பீட்டு ஆண்டுகள் வரை வருமான வரி விலக்கு என்று 2022 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இந்தச் சலுகைக்கு விண்ணப்பக் காலக்கெடு உண்டு என்பதால், தொழில்முனைவோர் மேம்பாடு, கூட்டுறவு அமைச்சிடம் நடப்பு நிலையை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் சட்ட வடிவம் விடாது துரத்தும் என்பதற்கு அமெரிக்காவின் 'நியூமன்ஸ் ஓன்' சாட்சி. நடிகர் பால் நியூமன் 1982-இல் சாலட் குழம்பு விற்கத் தொடங்கி, இலாபம் முழுவதையும் தர்மத்துக்குக் கொடுத்தார். இதுவரை 50 கோடி டாலருக்கும் மேல் போயிருக்கிறது. 2008-இல் அவர் மறைந்த பிறகு நிறுவனம் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. ஓர் அறக்கட்டளை தனியார் வணிகத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற அந்நாட்டு விதியால் அதை விற்க வேண்டிய நிலை உருவானது. 2018-இல் சட்டத்தையே திருத்தித்தான் அதைக் காப்பாற்றினார்கள்.

பாட்டன் காலத்து மகமை

இதற்கெல்லாம் நம்மிடமே ஒரு பழைய வழி இருக்கிறது: மகமை. நகரத்தார் தங்கள் வணிகத்தில் கோயிலுக்கும் அறத்துக்கும் மகமை ஒதுக்கினார்கள்; மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் நாடார் உறவின்முறைகள் மகமைப் பணத்தைக் கொண்டு பள்ளிக்கூடங்கள் நடத்தின. காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை வீடுதோறும் எடுத்து வைத்த பிடியரிசியாலும் வளர்ந்தது.

உறவின்முறை மகமையில் கவனிக்க வேண்டியது, அது இலாபத்தில் எடுக்கப்படுவதில்லை என்பதே. வரும் சரக்கில், நடக்கும் வியாபாரத்தில் இவ்வளவு என்று முதலிலேயே ஒதுக்கப்படும். இலாபத்தைக் கூட்டவும் குறைக்கவும் கணக்கெழுதுபவரால் முடியும். விற்பனையில் 5 விழுக்காடு என்றால் எவரும் சரிபார்க்கலாம்.

மேற்சொன்ன கடை, விற்பனையில் 5 விழுக்காட்டை மாதந்தோறும் ஒதுக்கினால் 1,000 வெள்ளி, ஆண்டுக்கு 12,000. வரி 2,657 போக 5,023 வெள்ளி கையிருப்பாக நிற்கும். அடுப்பு பழுதானால், தீபாவளிக்குப் பின் விற்பனை படுத்தால் அதுதான் காப்பாற்றும். இல்லத்துக்கும் மாதம் எவ்வளவு வரும் என்று தெரியும். அரிசிக்கும் டியூஷன் கட்டணத்துக்கும் திட்டமிட முடியும். நிறுவனர் சம்பளம் எடுக்கத் தொடங்கினால் விகிதத்தை 2 அல்லது 3 விழுக்காடாகக் குறைக்க வேண்டியிருக்கும், விலையையும் சற்று ஏற்ற வேண்டியிருக்கும். நல்ல ஆண்டில் மிச்சம் கூடினால் கூடுதலாகக் கொடுப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. நட்டத்தில் ஓடும் கடைக்கு மகமையும் சுமைதான். அந்த மாதங்களில் நிறுத்தி வைக்கும் விதியையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

பதாகையில் என்ன எழுதுவது என்பதும் முக்கியம். ஓர் இல்லத்தின் பெயரைப் போடும் முன் அதன் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். எவ்வளவு, எப்போது கொடுக்கப்படும் என்பதையும் அதிலேயே குறிக்கலாம். கொடுக்காததைக் கொடுப்பதாகச் சொல்லி விற்றால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது பொய்யான கூற்றாகக் கருதப்படலாம். தெருவிலோ வீடு வீடாகவோ உண்டியல் ஏந்த வேண்டுமென்றால், அதற்கென 1947-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது. போலீஸ் அனுமதி வேண்டும். கடையின் விற்பனைப் பணமும் வாடிக்கையாளர் தனியாகத் தரும் நன்கொடையும் ஒரே பேங்க் கணக்கில் விழுந்தால், ஆண்டு முடிவில் எது விற்பனை, எது நன்கொடை என்று வருமான வரி வாரியத்துக்கு விளக்குவது பெரும்பாடு. இரண்டு கணக்குகளையும் முதல் நாளிலேயே திறந்துவிடுங்கள். இல்லம் தரும் ரசீதின் நகலைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். முறுக்கு வாங்க வருகிறவர் அதைத்தான் முதலில் படிப்பார்.