தனித்து நின்றவர் கற்ற பாடம்

வரலாற்றைப் பேரரசுகளின் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். சிறிய நாடுகளின் நெஞ்சம் அதில் பதிவாவதில்லை. பால்டிக் கடலோரத்து எஸ்தோனியாவைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 13 இலட்சம் மட்டுமே.

1939 செப்டம்பரில், படைத்தளங்களுக்கு இடம் தருமாறு சோவியத் ஒன்றியம் அந்நாட்டை நெருக்கியது. துணைக்கு எவருமின்றி நின்ற எஸ்தோனியா இணங்கியது. மறு ஆண்டு ஜூனில் நாடே பறிபோனது. 1941 ஜூனில் ஏறத்தாழ 10,000 பேரும், 1949 மார்ச்சில் 20,000-க்கும் மேற்பட்டோரும் தொலைதூரங்களுக்கு நாடு கடத்தப்பட்டனர். பின்னவருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமே. 1991 ஆகஸ்டில் விடுதலை மீண்டபோது அம்மக்கள் கற்றிருந்த பாடம் ஒன்றே: இனி ஒருபோதும் தனித்து நிற்றல் ஆகாது.

துணை வேண்டுவோர் பிறருக்குத் துணையாகவும் இருத்தல் வேண்டும். எனவே, 2004 மார்ச்சில் நேட்டோ கூட்டணியில் சேர்வதற்கு முன்னரே, 2003-இல், எஸ்தோனிய வெடிகுண்டு அகற்றும் வீரர்கள் காபூலில் பணியாற்றினர். பின்னர் 2014 வரை, ஆப்கானிஸ்தானில் போர் மிகக் கடுமையாயிருந்த ஹெல்மண்ட் மாநிலத்தில், பிரித்தானியப் படைகளோடு அவர்கள் நின்றனர். தங்கள் வீரர்களை ஆபத்தான பகுதிகளுக்கு அனுப்பலாகாதென நிபந்தனையிட்ட நாடுகள் உண்டு. எஸ்தோனியா அவ்வாறு செய்யவில்லை. ஒரு சமயத்தில் அங்கிருந்த அதன் வீரர்கள் ஏறத்தாழ 150 பேர். ஒன்பது பேர் உயிர் நீத்தனர். பேரரசுகளின் கணக்கில் ஒன்பது என்பது சிற்றெண். சிறு நாட்டிலோ அது ஊரே அறிந்த துயரம்.

அந்த நட்பு வீண்போகவில்லை. 2017 முதல், பிரித்தானியா தலைமையிலான நேட்டோ படைப்பிரிவு எஸ்தோனியாவின் தாப்பா நகரில் காவல் நிற்கிறது.

ஆயினும் நம் உள்ளம் இங்கே நிறைவு கொள்ள மறுக்கிறது. 2021 ஆகஸ்டில் காபூல் மீண்டும் தாலிபான் வசமாயிற்று. ஹெல்மண்டின் உழவனுக்கு 1940-ஆம் ஆண்டின் எஸ்தோனியத் துயரம் தெரியாது. எனினும் அவன் வயல் வழியே போர் நடந்தது. ஒரு மக்களின் நியாயமான அச்சத்திற்கு இன்னொரு மக்களின் மண் களமாயிற்று.

எஸ்தோனியரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. தனிமையின் கொடுமையை அனுபவித்தவர்கள் அவர்கள். ஆனால், அந்த ஒன்பது பேரை நினைவுகூரும்போது, எண்ணப்படாமற்போன ஹெல்மண்டின் எளியவர்களையும் உடன் நினைப்பதே வரலாற்றுக்கு நாம் செலுத்தும் நேர்மையான கடன்.