செயின்ட் பாங்க்ரஸ் கவுன்சிலர்

வி.கே. கிருஷ்ண மேனன் என்றதும் 1957-இல் காஷ்மீர் பற்றி ஐ.நா. பாதுகாப்பு சபையில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பேசியதும், பாதுகாப்பு அமைச்சராக அவர் சந்தித்த 1962 சீனப் போரும் நினைவுக்கு வரும். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் பகுதியின் நகரசபையில் 1934 முதல் 1947 வரை அவர் தொழிற்கட்சி உறுப்பினராக இருந்ததை வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அவருடைய பிற்கால ஏற்றமும் வீழ்ச்சியும் அந்த 13 ஆண்டுகளிலிருந்துதான் விளங்கும் என்பேன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அன்னி பெசன்ட்டின் இயக்கத்தால் ஈர்க்கப்பட்டு 1924-இல் இங்கிலாந்து போனவர், பாரிஸ்டரானது 1934-இல். வக்கீல் தொழிலில் பெரிய வருமானம் பார்த்ததில்லை. பொழுதெல்லாம் இந்திய விடுதலைக்காக லண்டனில் இயங்கிய இந்தியா லீகுக்கும் பதிப்புப் பணிக்கும் போனது. பெலிகன் நூல் வரிசையின் தொடக்ககாலப் பதிப்பாசிரியர்களில் அவரும் ஒருவர். அடிமை நாட்டிலிருந்து வந்த அவர் லண்டனில் தேர்தலில் நிற்க முடிந்ததற்குக் காரணம், பிரிட்டிஷ் பேரரசின் குடிமகன் என்ற சட்டத் தகுதிதான். வேடிக்கைதான்: எந்தப் பேரரசை ஒழிக்கப் போனாரோ, அது கொடுத்த உரிமை.

‘மக்கள் கட்சிக்குத்தானே ஓட்டுப் போட்டார்கள், மேனனுக்கா?’ என்று கேட்கலாம். முதல் வெற்றிக்கு அது பொருந்தும். ஆனால் அவர் நகரசபையின் கல்வி, நூலகப் பணிகளைத் தலைமையேற்று நடத்தினார். ஜெர்மானியக் குண்டுகள் விழுந்த நாட்களில் வான்தாக்குதல் காவலராக அதே தெருக்களில் நின்றார். 1955-இல், அவர் ஊரைவிட்டுப் போய்ச் சில ஆண்டுகள் ஆன பிறகு, பெர்னார்ட் ஷாவுக்கு அடுத்தபடியாக அவருக்குத்தான் அந்த நகரசபை தன் கௌரவக் குடியுரிமையைக் கொடுத்தது. கட்சிச் சின்னத்துக்கு மட்டும் விழுந்த ஓட்டு இவ்வளவு தூரம் நீளாது. அதே கட்சியின் தேசியத் தலைமையோ, டண்டீ தொகுதிக்கு நாடாளுமன்ற வேட்பாளராகத் தேர்வாகியிருந்த அவருக்கு, போர் தொடங்கியபின் ஒப்புதலை விலக்கிக்கொண்டது. இந்தியாவுக்கு விசுவாசமானவர், கம்யூனிஸ்டுகளுக்கு நெருக்கமானவர் என்பதுதான் தலைமையின் சந்தேகம். தெரு ஏற்றுக்கொண்டவரைத் தலைமையகம் ஏற்கவில்லை.

சாதியோ உறவோ சொந்த ஊரோ துணையில்லாமல், குழுக் கூட்டமும் துண்டுப் பிரசுரமும் வாதத்திறமையுமாக அரசியல் செய்யும் வித்தை செயின்ட் பாங்க்ரஸில் அவருக்குக் கைவந்தது. அந்த வித்தையை மட்டுமே நம்பி இந்தியா திரும்பியதுதான் சிக்கல். 1953-இல் சென்னை மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போனார். 1957-இல் வடக்கு பம்பாயில் வென்று பாதுகாப்பு அமைச்சரானார். 1962-இல் காங்கிரஸின் முன்னாள் தலைவர் கிருபளானியையே அங்கு தோற்கடித்தார். அத்தனைக்கும் பின்னால் இருந்தது நேருவின் கை. மேனனைக் கவிழ்த்தது சீனப் போர்தான், சொந்தச் செல்வாக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற மறுப்பு பாதி சரி. பதவி போனதற்குப் போர் காரணம். மீண்டும் எழ முடியாமல் போனதற்கு அது போதாது. மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குப் போகும் காமராஜ் திட்டத்தில் 1963-இல் பதவி விலகிய மொரார்ஜி தேசாய், 1967-இல் துணைப் பிரதமராக வந்தார். அவருக்குக் குஜராத் இருந்தது. அதே 1967-இல் மேனனுக்குக் காங்கிரஸ் டிக்கெட்டே கிடைக்கவில்லை. மராட்டியர் அல்ல என்பதும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. ‘மதராசி’ எதிர்ப்பில் வளர்ந்துகொண்டிருந்த சிவசேனா அவருக்கு எதிராக வேலை செய்தது. வடகிழக்கு பம்பாயில் சுயேச்சையாக நின்று தோற்றார், வென்ற எஸ்.ஜி. பர்வே இறந்ததால் வந்த இடைத்தேர்தலிலும் தோற்றார். வேற்று நாட்டு வெள்ளையர் பேட்டையில் எடுபடாத ‘வெளியூர்க்காரர்’ என்ற சொல், சுதந்திர இந்தியாவின் பம்பாயில் எடுபட்டது.

பிறகு 1969-இல் மிதினாப்பூர் இடைத்தேர்தலிலும் 1971-இல் திருவனந்தபுரத்திலும் வென்றாரே என்றால், இரண்டும் இடதுசாரிகள் தாங்கிப் பிடித்த சுயேச்சை வெற்றிகள். பிறந்தது மலையாள மண் என்றாலும், அங்கே அவருக்கென்று ஒரு கிளைக் கட்சிகூட இல்லை. நேருவின் இடத்தில் இடதுசாரிகள் வந்தார்கள், அவ்வளவுதான். 1974 அக்டோபர் 6-இல் இறந்தபோது அவர் திருவனந்தபுரத்தின் உறுப்பினர்.